போர் எதிர்ப்புப் படம் என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு போர்ப் படத்தின் முடிவில் நாயகன் செத்துப்போனாலோ ஒரு தாய் உடைந்து அழுதாலோ, அதைப் 'போர் எதிர்ப்புப் படம்' என்று சொல்லிவிடுகிறோம். ரத்தம் கூடுதலாகத் தெரிந்தால் இன்னும் உறுதியாகச் சொல்கிறோம். ஆனால் சாவையும் கண்ணீரையும் காட்டியே ராணுவத்துக்கு ஆள் சேர்த்த படங்கள் நிறைய உண்டு. நாயகன் விழும் நேரத்தில் கொடி பறக்கிறது, இசை மேலே ஏறுகிறது, பார்க்கிறவருக்கு நெஞ்சு விம்முகிறது என்றால், அந்தப் படம் போரை எதிர்க்கவில்லை. உயிரைக் கொடுப்பது பெருமை என்றுதான் சொல்கிறது.

அப்படியானால் எதிர்ப்பு என்பது படத்தில் எங்கே இருக்கிறது? இதை விளக்க 1930-இல் வந்த 'ஆல் குயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' படத்தை விடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. வகுப்பறையிலிருந்து நேராக முதல் உலகப் போருக்குப் போன ஜெர்மன் பையன்களின் கதை அது. இந்த வகைப் படங்களைப் பற்றிப் பேசினால் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று. அதே அளவுக்குத் தவறாகவும் புரிந்துகொள்ளப்பட்ட படம். "பையன்கள் பயந்துபோனார்கள், பாவம்" என்பதோடு பலர் அதை முடித்துக்கொள்கிறார்கள். படம் சொல்வது அது இல்லை. வகுப்பில் கேட்ட வீரம், தியாகம், தாய்நாடு என்ற சொற்களுக்கும் பதுங்குகுழியில் தினமும் நடக்கும் வேலைக்கும் ஒட்டே இல்லை என்று அந்தப் பையன்கள் கண்டுபிடிக்கிறார்கள். படத்தின் எதிர்ப்பு அந்தக் கண்டுபிடிப்பில் இருக்கிறது. அது புரிய வேண்டுமானால் முதலில் பதுங்குகுழிப் போர் எப்படி இயங்கியது என்று தெரிய வேண்டும்.

## யார் எழுதிய கதை, யார் எடுத்த படம்

மூல நாவலை எழுதிய எரிக் மரியா ரெமார்க் 1898-இல் ஜெர்மனியின் ஒஸ்னாப்ரூக் நகரில் பிறந்தவர். 18 வயதில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். 1917 கோடையில் மேற்கு முனைக்கு, அதாவது பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்துப் போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டார். சில வாரங்களிலேயே குண்டுச் சிதறல்கள் பாய்ந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பத்து ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய நாவல் 1928 கடைசியில் பெர்லின் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்து, 1929 ஜனவரியில் நூலானது. ஒன்றரை ஆண்டுக்குள் 20-க்கும் மேற்பட்ட மொழிகளில் 25 லட்சம் பிரதிகள் விற்றன.

ஜெர்மன் கதை என்பதால் இதை ஜெர்மன் படம் என்று நினைப்பவர்கள் உண்டு. இது ஹாலிவுட் படம். யுனிவர்சல் நிறுவனம் எடுத்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய கார்ல் லெம்லே ஜெர்மனியின் லௌப்ஹைம் என்ற ஊரிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். தயாரிப்புப் பொறுப்பில் இருந்த அவருடைய மகனுக்கு அப்போது 21 வயது. இயக்குநர் லூயிஸ் மைல்ஸ்டோன் ரஷ்யப் பேரரசில் இருந்த கிஷினெவ் நகரில் பிறந்து அமெரிக்கா போனவர். போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காகப் பயிற்சிப் படங்கள் எடுத்த அனுபவமும் அவருக்கு இருந்தது. சிறந்த படம், சிறந்த இயக்குநர் என்ற இரண்டு ஆஸ்கர் விருதுகளும் இதற்குக் கிடைத்தன.

அமெரிக்கா ஜெர்மனியோடு போரிட்டு முடித்து 12 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த நிலையில் ஓர் அமெரிக்க நிறுவனம், நேற்றைய எதிரியின் சீருடையில் இருக்கும் பையன்களை நாயகர்களாக்கி, அவர்களுக்காக அமெரிக்க ரசிகர்களை அழவைத்தது. படத்தின் பாதி வாதம் இந்தத் தேர்விலேயே அடங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

## மண்ணுக்குள் ஏன் போனார்கள்?

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது குழி வெட்டி உட்காரும் எண்ணம் யாருக்கும் இல்லை. பெல்ஜியம் வழியாகப் பாய்ந்து, சில வாரங்களில் பிரான்ஸை வீழ்த்திவிட்டு, பிறகு ரஷ்யா பக்கம் திரும்புவது ஜெர்மனியின் திட்டம். செப்டம்பரில் பாரிஸுக்குக் கிழக்கே மார்ன் ஆற்றங்கரையில் அந்தப் பாய்ச்சல் நின்றது. கொஞ்சம் பின்வாங்கிய ஜெர்மானியர்கள், பிடித்த இடத்தை விடாமல் இருக்க மண்ணைத் தோண்டினார்கள். எதிரே இருந்தவர்களும் தோண்டினார்கள். நேராகப் போக முடியாததால் இரு தரப்பும் ஒன்றையொன்று வடக்குப் பக்கமாகச் சுற்றிவளைக்கப் பார்த்தன. சுற்றிச் சுற்றிக் கடலே வந்துவிட்டது. நவம்பர் வாக்கில் வட கடலிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லை வரை சுமார் 700 கிலோமீட்டருக்கு இடைவெளி இல்லாத இரண்டு கோடுகள் எதிரெதிரே நின்றன. 1918 வசந்தம் வரை எந்தத் தாக்குதலாலும் அந்தக் கோடுகள் பெரிதாக நகரவில்லை.

பதுங்குகுழி என்பது ஆள் நின்றால் தலை வெளியே தெரியாத ஆழத்தில் வெட்டிய நீண்ட பள்ளம். அது நேர்கோட்டில் போகாது, வளைந்து வளைந்து போகும். ஓர் இடத்தில் குண்டு விழுந்தால் அதன் சிதறல் பள்ளம் முழுக்கப் பாயக்கூடாது, எதிரி ஒரு முனையில் இறங்கிவிட்டால் மறுமுனை வரை நேராகச் சுடக்கூடாது என்பதற்காக அந்த வளைவுகள். முதல் வரிசைக்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது வரிசைகள். அவற்றை இணைக்கக் குறுக்கே பள்ளங்கள். முதல் வரிசைக்கு முன்னால் முள்கம்பி வேலி. இரு தரப்பு வேலிகளுக்கும் நடுவில் இருந்ததுதான் ஆளில்லா நிலம். சில இடங்களில் சில பத்து மீட்டர், வேறு இடங்களில் பல நூறு மீட்டர். அங்கே பகலில் தலை தூக்கினால் சாவு.

சரி, இவ்வளவு பெரிய படைகளால் ஏன் அந்தக் குறுகலான நிலத்தைத் தாண்ட முடியவில்லை? படைத்தலைவர்கள் முட்டாள்கள் என்பது வழக்கமான பதில். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்துக் கருவிகளிலேயே ஒரு சிக்கல் இருந்தது.

## பாடிப்போகிறவனின் மூச்சு

கபடியை நினைத்துக்கொள்ளுங்கள். பாடிப்போகிறவன் கோட்டைத் தாண்டி ஒவ்வோர் அடி உள்ளே போகும்போதும் அவனுக்கு மூச்சு குறைகிறது, திரும்ப வேண்டிய தூரம் கூடுகிறது. எதிர் அணிக்கு அவசரமே இல்லை. தங்கள் மண்ணில் நின்றபடி, கை கோத்து, அவன் உள்ளே வரட்டும் என்று காத்திருக்கலாம். அவன் எவ்வளவு ஆழமாகப் போகிறானோ, அவ்வளவு எளிதாக மடக்கலாம்.

மேற்கு முனையில் தாக்கப் போன எந்தப் படைக்கும் இதே நிலைமைதான். இங்கே மூச்சு என்று நான் சொல்வது ஆள், தோட்டா, செய்தி, பீரங்கி ஆதரவு ஆகிய நான்கையும். தாக்குபவர்கள் முன்னேறப் போகப் போக இவை நான்கும் அறுபடும்.

நடைமுறை இப்படித்தான் இருந்தது. முதலில் எதிரியின் குழிகள் மீது நாள்கணக்கில் பீரங்கிக் குண்டுகள் பொழியும். வேலி அறுபடும், உள்ளே இருப்பவர்கள் சாவார்கள் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அந்த குண்டுமழையே "இங்கேதான் வரப்போகிறோம்" என்ற அறிவிப்பாகிவிடும். எதிரி ஆழமான நிலவறைகளுக்குள் இறங்கிக் காத்திருப்பான். குண்டுமழை ஓய்ந்ததும் மேலே ஓடி வந்து இயந்திரத் துப்பாக்கியைப் பொருத்துவான். நிமிடத்துக்கு 400-க்கும் மேல் தோட்டாக்களைத் துப்பும் கருவி அது. பல பேர் சேர்ந்து சுடும் வேலையை இரண்டு மூன்று பேர் செய்துவிடலாம். தாக்குபவர்களோ குண்டுகள் கிளறிப்போட்ட சேற்றில், முதுகில் சுமையோடு, அறுபடாத வேலியை நோக்கி வருவார்கள்.

இதையெல்லாம் மீறி எதிரியின் முதல் குழியைப் பிடித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அங்கேதான் மூச்சு முட்டும். பின்னாலிருக்கும் தளபதிக்குச் செய்தி சொல்ல வேண்டும். ஒருவரே எளிதாகத் தூக்கிச் செல்லும் வானொலிக் கருவி அன்று படைகளிடம் இல்லை. தொலைபேசிக் கம்பிகளைக் குண்டுகள் அறுத்துவிடும். ஓட்டக்காரன் ஒருவன் அதே ஆளில்லா நிலத்தை மறுபடி தாண்டிப் போக வேண்டும், அல்லது புறாவை அனுப்ப வேண்டும். உதவிப்படை அந்தச் சேற்றில் நடந்து வர வேண்டும். எதிரிக்கோ பின்னால் நல்ல நிலமும் ரயில் பாதையும் இருக்கின்றன. சில மணி நேரத்தில் புதிய ஆட்களைக் கொண்டு வந்து இறக்கிவிடுவான். பிடித்த குழி கைவிட்டுப் போகும். உயிரோடு மிஞ்சியவர்கள் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவார்கள்.

1916 ஜூலை 1-ஆம் தேதி பிரான்ஸில் சோம் ஆற்றுப் பகுதியில் பிரிட்டிஷ் படை தாக்கியது. அதற்கு முன் ஏழு நாள்கள் சுமார் 15 லட்சம் குண்டுகளை வீசியிருந்தார்கள். ஆனாலும் அந்த ஒரே நாளில் 57,470 பேர் இறந்தோ காயமடைந்தோ காணாமலோ போனார்கள். அதில் இறந்தவர்கள் மட்டும் 19,240 பேர். நான்கரை மாதம் கழித்து அந்தப் போர் ஓய்ந்தபோது, அதிகபட்ச முன்னேற்றம் சுமார் 10 கிலோமீட்டர்.

ஊடுருவ முடியவில்லை என்று தெரிந்த பிறகு வேறொரு கணக்கு வந்தது. நாம் இழப்பதைவிட எதிரி அதிகம் இழந்தால் போதும், கடைசியில் அவனிடம் ஆள் தீர்ந்துபோகும் என்பது அந்தக் கணக்கு. இதைத் தேய்மானப் போர் என்பார்கள். அதே ஆண்டு பிரான்ஸின் வெர்டன் நகரத்தை ஒட்டிப் பத்து மாதங்கள் நடந்த சண்டையில் இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 3 லட்சம் பேர் இறந்தார்கள். இந்தக் கணக்கில் சிப்பாய்க்கு உள்ள மதிப்பு, தலைமை எண்ணிப் பார்க்கும் இருப்பில் ஓர் எண் என்ற அளவுதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: காத்து நிற்பவனுக்குச் சாதகமான கருவிகள் இருந்தன, முன்னேறுகிறவனுக்கு இல்லை. அதனால் கோடு நகரவில்லை. நகராத கோட்டில் நாள்தோறும் சாவு மட்டும் நடந்தது.

## வீரத்துக்கு வேலை இல்லாத இடம்

இப்போது பையன்களிடம் வருவோம். போர்க்களத்தைப் பற்றி நம் மனத்தில் இருக்கும் படம் என்ன? எதிரியை முகத்துக்கு முகம் பார்த்து நிற்பது. புறநானூற்றில் ஒரு தாய், மகன் முதுகில் காயம்பட்டு இறந்தான் என்ற பேச்சைக் கேட்டுக் கொதித்து, போர்க்களத்துப் பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். அவன் வீரனாகவே விழுந்திருக்கிறான் என்று கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். அந்தப் பாட்டு நிற்பதற்கு ஒரு நிபந்தனை வேண்டும்: காயம் எங்கே படுகிறது என்பது வீரனின் கையில் இருக்க வேண்டும். மேற்கு முனையில் அது இல்லை. அங்கே அதிகம் பேரைக் கொன்றது பீரங்கி. பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும், ஒருபோதும் கண்ணில் படாத யாரோ ஒருவர் ஏவிய குண்டு. சிதறலுக்கு மார்பும் முதுகும் ஒன்றுதான். தைரியசாலியும் கோழையும் ஒரே நிலவறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், யார் பிழைப்பது என்பதை அவர்களுடைய குணம் தீர்மானிக்காது.

மாயை கலைதல் என்று நான் சொல்வது இதைத்தான். அது பயம் அல்ல. பயந்தவன் "என்னால் வீரனாக இருக்க முடியவில்லை" என்பான். வீரம் என்ற சொல் அவனுக்கு இன்னும் உயரத்தில்தான் இருக்கிறது, தனக்கு எட்டவில்லை என்று மட்டும் நினைக்கிறான். மாயை கலைந்தவன் சொல்வது வேறு: "நீங்கள் சொன்ன அந்த வீரத்துக்கு இங்கே வேலையே இல்லை. இது தெரிந்து சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா?" இங்கே கேள்வி சிப்பாயை விட்டுவிட்டு, அவனை அனுப்பியவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. போரை வருத்தத்தோடு காட்டும் படத்துக்கும் போரை எதிர்க்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

## படம் இதை எப்படிக் காட்டுகிறது

படத்தின் தொடக்கத்தில் தெருவில் படை அணிவகுத்துப் போகிறது. பூக்கள், வாத்தியம், கூட்டம். கேமரா மெல்லப் பின்வாங்கி, ஒரு சன்னல் வழியாக வகுப்பறைக்குள் வருகிறது. ஆசிரியர் கான்டோரெக் பேசிக்கொண்டிருக்கிறார். வெளியே இருக்கும் சத்தத்தில் அவர் பேசுவது முதலில் கேட்பதே இல்லை. கேட்கத் தொடங்கும்போது, நீங்கள்தான் தாய்நாட்டின் உயிர், இரும்பு இளைஞர்கள் என்கிறார். பையன்களின் முகங்கள் ஒவ்வொன்றாக க்ளோசப்பில் வருகின்றன. கடைசியில் எல்லாரும் எழுந்து, காகிதங்களைக் கிழித்து எறிந்து, பாடிக்கொண்டே வெளியேறுகிறார்கள். நாயகன் பால் பாய்மர் அவர்களில் ஒருவன். நடித்தவர் லூ ஏர்ஸ், அவருக்கே அப்போது இருபது வயதுதான் தாண்டியிருந்தது.

முகாமில் ஹிம்மல்ஸ்டாஸ் என்ற பயிற்சியாளர். ஊரில் தபால்காரராக இருந்தவர், பையன்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். சீருடை போட்டதும் அவர்களைச் சேற்றில் புரளவைக்கிறார். முதல் அடி இங்கே விழுகிறது, ஆனால் சிறிய அடிதான்.

போர்முனையில் அவர்களுக்குக் கிடைக்கும் உண்மையான ஆசிரியர் காட்சின்ஸ்கி என்ற நடுத்தர வயதுச் சிப்பாய். அவர் கற்றுத்தருவதில் தாய்நாடு இல்லை. எந்தச் சத்தத்துக்குத் தரையில் விழ வேண்டும், உணவை எங்கே தேடுவது, இவைதான் பாடம்.

பிறகு வரும் தாக்குதல் காட்சியைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். நிலவறையில் நாள்கணக்கில் குண்டுமழை. மண் உதிர்கிறது, எலிகள் வருகின்றன, ஒரு பையன் பொறுக்க முடியாமல் வெளியே ஓடிப் படுகாயமடைகிறான். குண்டுமழை நின்றதும் எல்லாரும் மேலே ஓடுகிறார்கள். பிரெஞ்சுப் படை வருகிறது. இயந்திரத் துப்பாக்கி பக்கவாட்டில் திரும்ப, கேமராவும் அதே வேகத்தில் பக்கவாட்டில் நகர்கிறது. ஓடி வருகிறவர்கள் வரிசையாகச் சாய்கிறார்கள். கேமரா ஒரு முகத்திலும் நிற்பதில்லை. யாருடைய சாவுக்கும் தனி நேரம் ஒதுக்குவதில்லை. ஒரு வெடிப்புக்குப் பிறகு முள்கம்பியைப் பற்றிய இரண்டு கைகள் மட்டும் மிஞ்சுகின்றன. ஜெர்மானியர்கள் பின்வாங்குகிறார்கள், எதிர்த்தாக்குதல் நடத்துகிறார்கள், எதிரியின் குழி வரை போகிறார்கள், பிறகு பழைய இடத்துக்கே திரும்ப உத்தரவு வருகிறது. மேலே விளக்கிய அத்தனையும், கபடியின் மூச்சு உட்பட, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் இந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது.

பேசும்படம் வந்து சில ஆண்டுகளே ஆன காலம் அது. சத்தம் போடும் கேமராவை ஒரு கூண்டுக்குள் அடைத்து வைத்துத்தான் வசனக் காட்சிகளை எடுத்தார்கள். மைல்ஸ்டோன் போர்க் காட்சிகளை ஒலியில்லாமல் எடுத்து, ஒலியைப் பின்னர் சேர்த்தார். அதனால் கேமரா கிரேனில் ஏறிக் குழிகளுக்கு மேலே தடையில்லாமல் நகர முடிந்தது. ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடிசன். பின்னணி இசையை ஏறக்குறைய முழுவதுமாகத் தவிர்த்துவிட்டார்கள். பார்க்கிறவரின் நெஞ்சை நிமிர்த்தும் வேலையைத் திரையில் செய்வது பெரும்பாலும் இசைதான். அதை எடுத்துவிட்டால், சாவு வெறும் சாவாகவே தெரிகிறது.

தாக்குதல் முடிந்து சோற்றுக்கு வருகிறார்கள். சமையற்காரர் 150 பேருக்குச் சமைத்து வைத்திருக்கிறார். வந்திருப்பது 80 பேர். மீதி உணவையும் கொடு என்று சண்டை நடக்கிறது. அவர்கள் துக்கத்தில் இல்லை, பசியில் இருக்கிறார்கள். நண்பர்கள் செத்ததால் வயிறு நிறையச் சாப்பிடக் கிடைக்கிறது. இதை அவர்களுடைய கொடுமையாகப் படம் காட்டவில்லை. ஆளை எண்ணாகக் கருதும் அமைப்புக்குள் ஆள் எப்படி மாறுகிறான் என்று காட்டுகிறது.

பூட்ஸ் காட்சித் தொடரும் இதே வகை. கெம்மெரிக் என்ற பையனிடம் நல்ல தோலில் செய்த பூட்ஸ் இருக்கிறது. அவன் கால் வெட்டப்பட்டு மருத்துவமனையில் சாகக் கிடக்கிறான். பார்க்க வந்த நண்பன் முல்லர், உனக்கு இனி இது எதற்கு, எனக்குத் தருகிறாயா என்கிறான். முதலில் பார்க்கும்போது அருவருப்பாக இருக்கும். அவன் சாதாரணமாக, யோசிக்காமல் கேட்கிறான். அவனுக்குக் கால் இருக்கிறது, நாளைக்குச் சேற்றில் நடக்க வேண்டும். அதன் பிறகு பூட்ஸ் முல்லரிடம் போகிறது, அவன் சாகிறான். இன்னொருவனிடம் போகிறது, அவனும் சாகிறான். தேய்மானப் போரை இதைவிட எளிதாக விளக்க முடியாது. பொருள் மிஞ்சுகிறது, ஆள் மாறிக்கொண்டே இருக்கிறான்.

எதிரி முகம் கொண்டு வருவது ஒரே இடத்தில். குண்டு வெட்டிய பள்ளத்தில் பால் பதுங்கியிருக்கும்போது ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் உள்ளே விழுகிறான். பால் கத்தியால் குத்திவிடுகிறான். அவன் உடனே சாகவில்லை. வெளியே தலை நீட்ட முடியாது. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் விடியும்வரை ஒரே குழியில். பால் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறான், உன் குடும்பத்துக்கு எழுதுகிறேன் என்கிறான். அந்தப் பிரெஞ்சுக்காரராக நடித்த ரேமண்ட் கிரிஃபித் மௌனப்பட காலத்து நகைச்சுவை நடிகர், குரல் கெட்டுப்போனவர். ஒரு வார்த்தை பேசாமல் முகத்தால் மட்டுமே நடித்திருக்கிறார்.

மறுபடி ஒருமுறை சுருக்கமாக: இந்தக் காட்சிகளில் சாவைவிட முக்கியமாகப் படம் கவனிப்பது, சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதை. வகுப்பறையில் இருந்த 'வீரம்' இயந்திரத் துப்பாக்கி முன் விழுகிறது. 'தோழமை' பூட்ஸ் கேட்கிறது. 'எதிரி' பள்ளத்தில் செத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனாகிவிடுகிறான்.

## உண்மையான உடைவு வீட்டில் நடக்கிறது

பலர் தவறவிடும் பகுதி இதுதான். மாயை முழுமையாகக் கலைவது போர்க்களத்தில் இல்லை, விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது. பாலின் அப்பாவும் அவருடைய நண்பர்களும் பீர் மேசையில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, படை எந்த வழியாகப் பாரிஸுக்குப் போக வேண்டும் என்று அவனுக்கே சொல்லித்தருகிறார்கள். அவன் ஏதோ சொல்ல வந்தால், உனக்கு உன் மூலை மட்டும்தான் தெரியும், முழுப் படமும் எங்களுக்குத்தான் தெரியும் என்கிறார்கள்.

பழைய பள்ளிக்குப் போகிறான். கான்டோரெக் அதே பேச்சைப் புதிய பையன்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார். இவனைக் காட்டி, இவர்களுக்கு ஏதாவது சொல் என்கிறார். தாய்நாட்டுக்காகச் சாவது என்று வரும்போது சாகாமல் இருப்பதே மேல் என்று பால் சொல்கிறான். கோழை என்று கூச்சல் எழுகிறது. விடுமுறை முடியும் முன்பே அவன் போர்முனைக்குத் திரும்பிவிடுகிறான்.

இந்த முடிவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். போரை வெறுக்கிறவன், சாவு காத்திருக்கும் இடத்துக்கு விரும்பிப் போகிறான். ஏன்? அங்கே யாரும் பொய் சொல்வதில்லை. ஊர் பேசும் மொழி அவனுக்கு அந்நியமாகிவிட்டது. குழியில் இருக்கும் காட்சின்ஸ்கிதான் இப்போது அப்பா. பயத்தால் உடைந்தவன் இப்படிச் செய்யமாட்டான். இந்தப் படம் கோழைகளைப் பற்றியது என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு காட்சியே பதில். திரும்பிப் போனால் முன்பைவிடச் சின்னப் பையன்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். காட்சின்ஸ்கியையும் அங்கேதான் இழக்கிறான்.

## பெர்லினில் நடந்தது

படத்தை யார் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1930 செப்டம்பர் தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சி ஜெர்மன் நாடாளுமன்றத்தில் 107 இடங்களைப் பிடித்திருந்தது. டிசம்பரில் பெர்லினின் நோலன்டார்ஃப் சதுக்கத்துத் திரையரங்கில் படம் திரையிடப்பட்டது. அந்தக் கட்சியின் பெர்லின் தலைவர் கோயபெல்ஸ் தலைமையில் உள்ளே புகுந்த நாஜிகள் நாற்றக் குண்டுகளை வீசினார்கள், வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டார்கள். தெருக்களிலும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. டிசம்பர் 11-ஆம் தேதி தணிக்கை மேல்முறையீட்டுக் குழு, ஜெர்மனியின் பெயரைக் கெடுக்கிறது என்று சொல்லிப் படத்தைத் தடை செய்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். 1931-இல் வெட்டப்பட்ட பிரதி அனுமதிக்கப்பட்டது. 1933-இல் அதற்கும் முடிவு வந்தது. அந்த ஆண்டு மே மாதம் ரெமார்க்கின் நூல்கள் எரிக்கப்பட்டன. 1938-இல் அவருடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. ஜெர்மனியிலேயே இருந்த அவருடைய தங்கை எல்ஃப்ரீட் ஷோல்ஸ், போர் தோற்றுவிட்டது என்ற வகையில் பேசியதற்காக 1943 டிசம்பரில் கொல்லப்பட்டார்.

படம் ஜெர்மானியர்களை இழிவாகக் காட்டுகிறது என்பது வெளியே சொன்ன காரணம். ஆனால் இதில் ஜெர்மன் பையன்கள் அன்பானவர்கள், உறுதியானவர்கள். நாஜிகளை உறுத்தியது வேறு. அடுத்த போருக்கு அவர்களுக்கு அதே வகுப்பறைகளும் அதே சொற்களும் தேவைப்பட்டன. இந்தப் படம் அந்தச் சொற்களை உள்ளீடு இல்லாதவையாக ஆக்கிக்கொண்டிருந்தது.

லூ ஏர்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் மனச்சாட்சியின் பேரால் ஆயுதம் ஏந்த மறுத்தார். அமெரிக்காவில் சில திரையரங்குகள் அவர் படங்களைத் திரையிட மறுத்தன. பிறகு ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து பசிபிக் போர்முனையில் காயமடைந்தவர்களுக்குப் பணிசெய்தார்.

## எந்தப் படத்தைப் பார்ப்பது?

2022-இல் எட்வர்ட் பெர்கர் இயக்கத்தில் இதே நாவலை வைத்து ஜெர்மன் மொழியிலேயே புதிய படம் வந்தது, நான்கு ஆஸ்கர் விருதுகள் பெற்றது. பலரும் அதையே பார்த்திருக்கிறார்கள். அதன் தொடக்கம் அபாரம்: இறந்த சிப்பாயின் சீருடையைக் கழற்றி, துவைத்து, தைத்து, பாலிடமே கொடுக்கிறார்கள். பழைய படத்தின் பூட்ஸ் செய்த வேலையை அந்தச் சீருடை செய்கிறது. ஆனால் விடுமுறைப் பகுதி அதில் இல்லை. அதற்குப் பதிலாகப் போர்நிறுத்தப் பேச்சுவார்த்தையும், 1918 நவம்பர் 11 காலை 11 மணிக்குச் சற்று முன் ஒரு தளபதி உத்தரவிடும் கடைசித் தாக்குதலும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நாவலில் பால் இறப்பது அக்டோபரில், போர்முனையில் எதுவுமே நடக்காத அமைதியான ஒரு நாளில். புதிய படத்தில் குற்றம் ஒரு கொடிய தளபதியின் தலையில் விழுகிறது. பீர் மேசையில் வரைபடம் விரித்தவர்களும் ஆசிரியரிடம் கைதட்டியவர்களும் தப்பித்துவிடுகிறார்கள். அதனால் எனக்கு 1930 படமே பெரியது.

இப்போது கிடைக்கும் சீரமைத்த பிரதி இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சில நடிப்புகள் மேடை நாடகம்போல் உரக்க இருக்கும், அது அந்தக் காலத்து வழக்கம். முதல் அரை மணி நேரத்தில் பழகிவிடும். இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் பழையதை முதலில் பார்த்துவிடுங்கள். நாவலைப் பிறகு படித்தாலும் நட்டமில்லை, இருநூறு பக்கத்துக்குச் சற்று மேலே போகும் சிறிய நூல்தான்.